ரைட் ரைட் சொன்னது யார்?

முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். அத்தனை வருஷத்தில் வண்டிக்குள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது. இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முன்னால் இருப்பது என் பொறுப்பு, பின்னால் இருப்பது கண்டக்டர் பொறுப்பு. ஆடு ஏறினாலும் சரி, மாப்பிள்ளை வீட்டார் ஏறினாலும் சரி, 'ரைட் ரைட்' என்று குரல் வந்து தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தால் என் கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். மூளைவரைக்கும் சேதி போக வேண்டிய அவசியமே இல்லை. (போனாலும் அங்கே வாங்கி வைக்க ஆள் இல்லை என்பாள் என் மனைவி.)

ரிடையர் ஆகி, ஆந்திர எல்லைக்குள், வரதய்யபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து ஒரு மாசம் வீட்டில் இருந்தேன். அந்த ஒரு மாசத்தை என் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஃபுட்ரெஸ்டை வளைத்துவிட்டேன். மனைவி கடுகு தாளிக்கும்போது பக்கத்தில் நின்று "ஸ்லோ, ஸ்லோ" என்றேன். ஒருநாள் அவள் புடவை மாற்றிக்கொண்டு எங்கேயோ போனாள். திரும்பி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்.

"இந்தாய்யா, நாளையிலேர்ந்து நீ ஸ்கூல் பஸ் ஓட்ற. பேசிட்டு வந்துட்டேன்."

"என்னக் கேக்காமயா?"

"ஒரு மாசமா உன்னக் கேட்டுக்கினுதான கீறேன்! காது ரெண்டும் பஞ்சரா பூடுச்சி."

அப்போது எங்கள் பக்கம் டிரைவருக்குப் பெரிய பஞ்சம். வேர்க்கடலை போட்ட நிலத்தில் எல்லாம் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர் எழும்பியிருந்தது. பீகாரில் இருந்தெல்லாம் ஆட்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். கை நேராக நிற்கிற இளவட்ட டிரைவர்கள் அத்தனை பேரும் கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டார்கள். கம்பெனி சம்பளம் கையில் வந்ததும் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டும் என்ற ஆசையும் எல்லோருக்கும் வந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தில் மஞ்சள் பஸ் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். டிரைவர் மட்டும்தான் இல்லை. என்னைப் பார்த்ததும் பிரின்சிபால் எழுந்து நின்று கும்பிட்டார். முப்பத்திரண்டு வருஷ அனுபவமாம்! (அவர் கும்பிட்ட கும்பிடுக்கு நான் தகுதியானவனாக இருந்தது மொத்தம் ஒரு ராத்திரி.)

முதல் நாள் காலையில் என் மனைவி பஸ்ஸுக்குப் பூசை போட்டாள். வாங்கி வந்த சாமந்தி மாலை முன்கண்ணாடிக்கு நீளம் போதவில்லை. உள்ளே பின்பக்கம் பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடியில் அதை மூன்று சுற்றாகச் சுற்றிவிட்டாள். கண்ணாடி முழுசாக மறைந்துபோனது. சரி, இருக்கட்டும் என்றேன். அந்தக் கண்ணாடியால் எனக்கு என்றைக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை.

ஆறு நிறுத்தம், இருபத்தாறு பிள்ளைகள். பிள்ளைகளை ஏற்றி இறக்க சுலோச்சனாம்மா கூட வந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'ஆயம்மா' என்று பெயர். முதல் நிறுத்தத்தில் ஐந்து பேர் ஒழுங்காக ஏறினார்கள். 'ரைட் ரைட்' வந்தது. கிளம்பினேன். இரண்டாவது நிறுத்தம். ஒரு பிள்ளை ஏறியது, உடனே 'ரைட் ரைட்', டப் டப். என் கால் மிதித்தது. அடடா, என்ன சுறுசுறுப்பான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் ரோட்டில் ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார்கள். பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசமாக டாட்டா சொல்கிறார்கள்! எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது. நானும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன்.

மூன்றாவது நிறுத்தத்திலும் அப்படியே. நான்கிலும் ஐந்திலும் ஆறிலும் அப்படியே. நிறுத்துவேன், ஒரு பிள்ளை ஏறும், 'ரைட் ரைட்' வரும், கிளம்புவேன். எல்லா ஊரிலும் ஜனங்கள் பின்னாலேயே ஓடி வந்து டாட்டா காட்டினார்கள். ஓர் ஊரில் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிக் காட்டினார். அதுவும் ஒரு பாசம்தான் என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குள் வண்டியைத் திருப்பினேன். பிரின்சிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிள்ளைகள் இறங்கினார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தவர் ஒன்பதில் நின்றுவிட்டார்.

"மிகதா பில்லலு எக்கடண்டி?" என்றார். மீதிப் பிள்ளைகள் எங்கே என்கிறார்.

"இவ்ளோ பேர்தான் சார் ஏறினாங்க. மத்தவங்க லீவு போலகீது."

"பதினேழு பேருமா? ஆயம்மா எங்க?"

"பின்னால கீறாங்க சார்."

அவர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சீட்டெல்லாம் காலி. அதே நேரம் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார், முகம் வெளுத்துப்போனது. அதை வைப்பதற்குள் இன்னொன்று. பிள்ளை ரோட்டில் நிற்கிறதாம். ஒவ்வொரு ஊரில் இருந்தும் அதே பேச்சு.

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேனே தவிர, அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த ரோடு எனக்குத் தெரியும். கண்டெய்னர் லாரி போகிற ரோடு. பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தேனே, அப்போது ஒரு குழந்தை படியில் ஒரு கால் வைத்திருந்தால்? விட்ட பஸ்ஸைப் பிடிக்க ஒன்று ரோட்டில் ஓடியிருந்தால்? ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறினேன். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சாவி போட்ட கை. (அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.)

அந்த நேரத்தில் கேட்டில் நீளமாக ஒரு ஹாரன். வெள்ளை கம்பெனி பஸ் ஒன்று உள்ளே வந்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் ஜன்னலோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கு ஒன்றாக எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! முன்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுலோச்சனாம்மா நின்றிருந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே என்னைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா டிரைவரண்ணா, முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்னியா, ஏரோப்ளான் ஓட்னியா? புள்ளைய ஏத்தலாம்னு நான் கீழ எறங்குறன், நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற! கத்தறோம், கை ஆட்றோம், திருப்பி டாட்டா காட்ற!"

இரண்டாவது நிறுத்தத்தில் நான் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளோடு அவர் மெயின் ரோட்டுக்கு நடந்திருக்கிறார். நடு ரோட்டில் கையை விரித்து நின்று, தன் மருமகள் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை மறித்திருக்கிறார். டிரைவர் மாட்டேன் என்றானாம். உள்ளே இருந்த பெண்கள் சேர்ந்து அவனை ஒரு வழி பண்ணி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கவைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஷிப்டுக்கு லேட்டு. சூப்பர்வைசர் கேட்டா இன்னான்னு சொல்றது? புள்ள புடிக்கப் போனோம்னா?" என்றாள் ஒருத்தி. பஸ்ஸே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

பிரின்சிபால் எண்ணினார். பதினாறு. முன்னால் வந்த ஒன்பதோடு சேர்த்தால் இருபத்தைந்து. மறுபடியும் எண்ணினார். இருபத்தைந்துதான்.

சுலோச்சனாம்மா பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பஸ் டயரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் தலைக்கு மேலே, காலி பஸ்ஸுக்குள் இருந்து டப் டப் என்று இரண்டு தட்டு.

"ரைட் ரைட்!"

சுலோச்சனாம்மாவின் குரலேதான். ஆனால் சுலோச்சனாம்மா என் எதிரில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி சீட்டுக்கு அடியில் இருந்து ஊர்ந்து வந்தாள் ஒன்றாம் வகுப்பு ஹரிணி. தூக்கி இறக்கினால் எல்லோரையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எங்க மாமா கண்டக்டரு. கண்டக்டர்னா கடைசிலதான் எறங்கணும். யாராச்சும் பொருளு உட்டுட்டுப் பூட்டாங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். கையில் ஒரு ரப்பரும் அரைப் பென்சிலும் வைத்திருந்தாள். (பதினாறு பிள்ளைகளையும் ஓர் ஆயம்மாவையும் வழியில் விட்டுவிட்டு வந்த வண்டியில், அவள் மட்டும்தான் தன் டூட்டியை ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.)

அவளை வாரி எடுத்துக்கொண்டேன். திட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இருபத்தாறு. இருபத்தாறும் முழுசாக இருக்கிறது. வாழ்நாளில் எந்த எண்ணும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

மத்தியானம் அந்தக் கம்பெனிக்குப் போய், அந்தப் பெண்களின் தாமதத்துக்கு நானே காரணம் என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு சூப்பர்வைசர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிரின்சிபால் வேலையை விட்டுத் தூக்குவார் என்று காத்திருந்தேன். வேறு டிரைவர் எங்கே கிடைப்பான்? ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டை விட்டு எழுந்து, பின்னால் திரும்பி நின்று, பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

ஏழு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு பிள்ளையையும் விட்டதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பேத்திக்கு மொட்டை போடத் திருப்பதிக்கு வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான்தான் ஸ்டியரிங். புத்தூரில் டீ குடித்தோம். கிளம்புமுன் திரும்பி நின்று அட்டெண்டன்ஸ் எடுத்தேன். மகன், மருமகள், மகள், பேரன் பேத்திகள் எல்லோர் பெயரும் வந்தது. மாப்பிள்ளைகூட எழுந்து நின்று "ப்ரெசென்ட் சார்" என்றார். சிரிப்போ சிரிப்பு. எல்லாம் சரியாக இருந்தது. எடுத்தேன் வண்டியை.

ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் மகன் போன் அடித்தது. டீக்கடைக்காரர் போனில் இருந்து என் மனைவி.

"டேய், உங்க நைனாவக் கேளு. லிஸ்ட்ல என் பேரு எங்க பூடுச்சின்னு."

எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. 'இந்தா', 'தோ பாரு' என்பதைத் தவிர அவளை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. வாயில் வராத பெயர் லிஸ்ட்டில் எப்படி வரும்? இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் இந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் செருப்பு மாட்டமாட்டார்கள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். அவள் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏற மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. குடும்பமே ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தது. இறங்கினேன். கல்யாணமாகி நாற்பத்தோராவது வருஷத்தில், புத்தூர் ரோட்டில், நாலு பேர் கேட்க, முதல்முறையாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

"வேதவல்லி!"

அவள் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கையைத் தூக்கினாள்.

"ப்ரெசென்ட் சார்."