நட்டால் முளைக்கும்

தொழுகை முடிந்த பிறகும் தொப்பியைக் கழற்றாத மனிதன் எதையோ மறைக்கிறான். இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்தவர் மாத்தளை விதைக்கடை றஹீம் முதலாளி. உலகம் என்பது வில்கமுவ பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஏழு பேரும், எதிர்ப் புடவைக்கடை இத்ரூஸ் நானாவும். இத்ரூஸ் நானா குளிக்கும்போதாவது தொப்பியைக் கழற்றுவாரா என்பது ஊரில் தீராத சந்தேகம்.

"நானா, தொப்பிக்குள்ள கோழி அடை வச்சிருக்கீங்களா?" என்று தினமும் வாசலில் நின்றே கேட்பார் றஹீம்.

"குஞ்சு பொரிச்சாச் சொல்றேன்," என்பார் இத்ரூஸ் நானா.

றஹீமின் முன்தலையும் பளபளத்துத்தான் கிடந்தது. ஆனால் அவர் விஞ்ஞானத்தை நம்பினார். கொழும்பில் ஒரு டொக்டர் பின்தலை முடியைத் தோலோடு துளைத்தெடுத்து முன்தலையில் நடுகிறாராம். விலாசத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததே இத்ரூஸ் நானாதான். "எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் செஞ்சுக்கிட்டாரு" என்றார். இந்த மனிதருக்குத் தன் தலைமேல் பொறாமை இல்லையே என்று றஹீம் நெகிழ்ந்துபோனார்.

றஹீம் கொழும்புக்குப் போய் நட்டுக்கொண்டு வந்து எட்டு மாதம் கழிந்தது. முளைத்தது உண்மைதான். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு குஞ்சம், நடுவில் தாராளமான நடைபாதை.

"பீட்ரூட் பாத்தி மாதிரி ஈக்கி," என்றாள் மனைவி ஹமீமா. "தண்ணி பாய்ச்சவும் வழி விட்டிருக்காரு."

றஹீமுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரும்போக விதைப்புக்கு ஆறே நாள். வெளிநாட்டு மிளகாய் வரத்து நின்றுபோன காலம் அது. வில்கமுவப் பக்கம் அத்தனை பேரும் மிளகாய் போடப்போகிறார்கள். விதைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது 'நட்டால் முளைக்கும்' என்ற கடைப் பலகையை. அதற்கு நேர் கீழே தெரியப்போவது முதலாளியின் தலை.

அவரால் உட்கார முடியவில்லை. கண்ணாடிக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"திரும்ப டொக்டர்கிட்ட போகட்டா?"

"போங்க. பின்னால இன்னும் கொஞ்சம் மிச்சம் ஈக்கி."

"மொட்டை அடிச்சிரட்டா?"

"எப்ப ஹஜ்ஜுக்குப் போனீங்கன்னு கேப்பாங்க."

"தொப்பி..." என்று தொடங்கியவர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டார். அந்த ஒன்று மட்டும் ஆகாது. எதிர்க்கடையில் இத்ரூஸ் நானா இருக்கிறார்.

முதல் நாள், காதோர முடியை வளைத்து, தேங்காயெண்ணெய் போட்டு, பாத்திமேல் படியவைத்தார். கண்டி பஸ் ஒன்று கடையை உரசிக்கொண்டு போனது. அந்தக் காற்றில் முடி மொத்தமாக எழுந்து, ஒரு கதவு திறப்பதுபோலப் பின்னால் சாய்ந்தது. எதிர்க்கடையில் இத்ரூஸ் நானா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஹமீமாவின் சுர்மாக் கண்மையைக் குழைத்து நடைபாதையில் பூசினார். தூரத்துக்கு நல்லாகத்தான் இருந்தது. பகல் வெயில் ஏற, வேர்வை கறுப்பாக இறங்கி, மூக்கு நுனியிலிருந்து தராசுத் தட்டிலிருந்த விதைமேல் சொட்டியது.

"விதைக்கு மருந்து போடுறீங்களா முதலாளி?" என்று கேட்டார் வில்கமுவ விவசாயி பாறூக்.

மூன்றாம் நாள் சலூன்கார நோபர்ட்டிடம் போனார்.

"கட்டையா வெட்டினா ஒண்ணும் தெரியாது," என்றான் நோபர்ட்.

வெட்டினான். அதுவரை பாரத்தால் படுத்திருந்த குஞ்சங்கள் இருபத்து நான்கும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

"இது என்னப்பா?"

"பிரஷ் மயிரும் இப்படித்தான் முதலாளி. நீளமா இருந்தாப் படுக்கும், கட்டையா இருந்தா நிக்கும்."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது. பின்னால தோண்டின எடத்தையும் பாத்தேன். சொல்லட்டுங்களா?"

"வேணாம்."

நாலாம் நாள் பாறூக் பத்துப் பேரோடு வந்து இறங்கினார். பலகையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். விரல் மடக்கி எண்ணினார்.

"எல்லாம் பிடிச்சிருக்கு," என்றார் றஹீம் அவசரமாக. "ஒண்ணும் சாகல."

"சாகல, சரி. ஆனா எட்டு மாசத்துல இவ்வளவுதானா?" பாறூக் பெருமூச்சு விட்டார். "நமக்கு நாலு மாசத்துல காய் பறிக்கணும் முதலாளி."

பத்துப் பேரும் அவர் பின்னாலேயே அடுத்த தெரு விதைக்கடைக்குப் போனார்கள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் இரண்டு முறை நடந்து, மூன்றாம் முறை றஹீம் உள்ளே நுழைந்தார். அது தொப்பி தைக்கும் ஸக்கியா தாத்தாவின் வீடு; அங்கே அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். மகள் ஜுனைதா உள்ளறையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி ஒண்ணு வேணும் தாத்தா. எனக்கில்ல." தொண்டையைச் செருமினார். "ஒரு சொந்தக்காரருக்கு. நாள் முழுக்கப் போடுறாப்போல."

ஸக்கியா கண்ணாடியை மூக்கில் இறக்கி அந்தக் கைலேஞ்சியைப் பார்த்தாள். அளவு நாடாவைத் தொடவே இல்லை.

"எத்தன வரிசை?"

றஹீம் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் நாலு விரலைக் காட்டினார்.

"ஜுனைதா," என்று ஸக்கியா உள்ளே குரல் கொடுத்தாள். "அந்த நாலு வரிசை அளவு அட்டைய எடு மகள். இத்ரூஸ் நானாவும் மொதல்ல சொந்தக்காரருக்குன்னுதான் வந்தாரு."