பியோர்ண்டாலின் எட்டாவது வாக்கு

என் அப்பாவைத் தேர்தலில் தோற்கடித்தது நான்தான். அதுவும் அவரை வெல்ல வைப்பதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்து, அட்டவணை போட்டு, மூன்று முறை சரிபார்த்துத் தோற்கடித்தேன். (சும்மா இருந்திருந்தால் வென்றிருப்பார்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒஸ்லோவில் கணினிப் பொறியியலில் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஜனாதிபதித் தேர்தலில் அமெரிக்க மாநிலங்கள் தங்கள் தேர்வாளர் வாக்குகளை எப்படிப் பங்கிடலாம் என்பதுதான் என் ஆய்வு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை வாக்கு என்று உண்டு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் மயிரிழையில் வென்றவருக்கே அத்தனையும் போய்விடும். தோற்றவருக்குப் போட்டவர்கள் வீட்டில் படுத்திருந்திருக்கலாம். மேய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் தொகுதி வாரியாகவும் பிரித்துக் கொடுக்கின்றன. விழுந்த வாக்குகளின் விகிதப்படி பிரிக்கலாம் என்பது ஒரு யோசனை. நாடு முழுவதும் கூடுதல் வாக்கு எடுத்தவருக்கே கொடுப்போம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் கணினியில் ஓடவிட்டுப் பார்த்ததில் எனக்கு விகிதமுறைமேல் காதலே வந்துவிட்டது. (அந்த வயதில் வேறு எதன்மேலாவது வந்திருக்கலாம் என்பது அம்மாவின் கருத்து.)

அமெரிக்கா என்னிடம் யோசனை கேட்கவில்லை. ஆகவே எங்கள் மாதா திருவிழாவைத் திருத்தப் புறப்பட்டேன்.

கோடையில் ஒஸ்லோத் தமிழ்க் கத்தோலிக்கர் நாங்கள் இருபத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுக்கும் சின்னத் திருவிழா அது. நகரின் ரொம்சோஸ் பகுதியில் பத்துக் குடும்பம், பியோர்ண்டாலில் எட்டு, குறொன்லாண்டில் ஐந்து. திருவிழாத் தலைவரைத் தெரிவு செய்யக் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. ஒவ்வொரு பகுதியும் ஒரு வீட்டில் கூடி வாக்குப் போடும். அங்கே வென்றவருக்கே பகுதியின் முழு வாக்கும். பிறகு நடக்கும் பொதுக் கூட்டத்துக்கு ‘ரொம்சோஸ், பத்து’ என்று ஒரு துண்டுதான் வரும். இன்னொரு வழக்கமும் இருந்தது. போட்டியிடுகிறவர் தனக்குத் தானே வாக்குப் போடுவது அழகில்லை என்பதால் அவருடைய வீட்டு வாக்கை மனைவிதான் போடுவார்.

அந்த முறை அப்பா நின்றார். இருபது வருடமாகக் கதிரை அடுக்கியவர், கூடாரம் கட்டியவர், எல்லோரும் போன பிறகு மண்டபம் கூட்டியவர். ஒரு தடவையாவது மாதா சுருவம் ஊர்வலமாக வரும்போது தலைவராக அதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காக ஒரு வெள்ளைச் சட்டைகூட வாங்கி, யாருக்கும் சொல்லாமல் அலுமாரியில் வைத்திருந்தார். எதிரே நின்றவர் ரொம்சோஸ் சூசை மாமா. பஸ் சாரதி, ரொம்சோஸில் அவர் ஏற்றி இறக்காத தமிழர் இல்லை.

“பழையபடி விட்டால் என்ன, பிள்ளை?” என்றார் அப்பா.

“குறொன்லாண்ட் ஆடிக்கொண்டு நிக்குது அப்பா. அங்கை ரெண்டு வாக்கு எடுத்தாலும் பழைய முறையிலை உங்களுக்குச் சைபர்தான். பிரிச்சு எண்ணினால் அந்த ரெண்டு, ரொம்சோஸிலை ஒரு ரெண்டு, எங்கடை எட்டு. பன்னிரண்டு! நீங்கள் தோற்கவே ஏலாது.”

“எட்டும் வருமோ?”

“எங்கடை இடம்தானே” என்று எட்டைக் கையால் எழுதினேன். மற்ற இடங்களுக்கெல்லாம் நிகழ்தகவு, சொந்த இடத்துக்கு மட்டும் நம்பிக்கை.

பக்கத்தில் அம்மா ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. (அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு தரவு என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

கூட்டத்தன்று ஈர ஜாக்கெட்டுகளும் ரோல்ஸும் மணக்கும் மண்டபத்தில், அமெரிக்க வரைபடத்தைத் திரையில் போட்டு இருபது நிமிடம் விளக்கினேன். சூசை மாமா கை உயர்த்தினார்.

“பிள்ளை, இதை அமெரிக்காவிலை செய்து போட்டினமோ?”

“இன்னும் எல்லா இடமும் இல்லை, மாமா.”

“அப்ப நாங்கள் அவையளுக்கு முந்தி!”

அந்தப் பெருமையிலேயே தீர்மானம் நிறைவேறியது. மண்டபத்திலேயே வாக்குப் போட்டு, பகுதி பகுதியாக எண்ணினோம். ஒலிவாங்கியைப் பிடித்து முடிவை நானே வாசித்தேன். குறொன்லாண்ட்: அப்பாவுக்கு மூன்று, மாமாவுக்கு இரண்டு. கைதட்டல். ரொம்சோஸ்: அப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்பது. பரவாயில்லை. பியோர்ண்டால்: அப்பாவுக்கு ஏழு, மாமாவுக்கு ஒன்று.

கூட்டினால் பதினொன்று, பன்னிரண்டு. சூசை மாமா ஒரு வாக்கால் தலைவர். பழைய முறையென்றால் குறொன்லாண்ட் ஐந்தும் பியோர்ண்டால் எட்டும் சேர்ந்து பதின்மூன்றோடு அப்பா வென்றிருப்பார் என்பதை அந்த மண்டபத்தில் முதலில் கணக்குப் பார்த்தவளும் நான்தான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

பியோர்ண்டால்காரர் ஒருவர் எழும்பினார். “அண்ணை, மாதா அறிய நாங்கள் உங்களுக்குத்தான் போட்டனாங்கள்.” உடனே அடுத்தவர்: “நாங்களும்தான்.” பிறகு இன்னொருவர். என்னிடம் குடும்பங்களின் பட்டியல் இருந்தது. பட்டியல் என்று ஒன்று கையில் இருந்தால் சரி போடாமல் என்னால் இருக்க முடியாது. ஒவ்வொரு சத்தியத்துக்கும் ஒரு சரி போட்டேன். ஏழாவது சரியும் விழுந்ததும் வாய் தானாகத் திறந்தது.

“ஏழு வீடும் சரி. மிச்சம் எங்கடை வீடு.”

ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்தது.

மண்டபம் முழுவதும் தேநீர் மேசையைத் திரும்பிப் பார்த்தது. அம்மா கையில் ரோல்ஸ் தட்டோடு நின்றார்.

“என்னப்பா, நீரோ?” என்றார் அப்பா.

அம்மா தட்டை வைத்தார். “ஓம், நான்தான். இருபது வருசமாய்க் கோடையைத் திருவிழாவுக்குக் குடுத்தாச்சு. இந்த முறை ஒரு கிழமை மலையிலை ஒரு ஹித்த வாடகைக்கு எடுத்து, அந்த மரவீட்டிலை சும்மா இருப்பம் எண்டு மார்கழியிலை இருந்து கேக்கிறன். நீங்கள் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.”

“அதுக்கு என்னைத் தோற்கடிக்கிறதோ?”

“தோற்கவே ஏலாது எண்டு உங்கடை மகள்தானே சொன்னவள்! அந்தத் துணிவிலைதான் போட்டனான். என்ரை மனக்குறையை மாதாவுக்கு மட்டும் சொல்லுவம் எண்டு. இவள் திரையிலை போடுவாள் எண்டு ஆர் கண்டது?”

நான் ஒலிவாங்கியை மெல்ல அணைத்தேன். காலம் கடந்த நடவடிக்கை. அதற்குள் மற்றப் பக்கத்தில் ரொம்சோஸின் பத்துக் குடும்பமும் தாங்கள் சூசை மாமாவுக்கே போட்டதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தன. அவருக்கு விழுந்ததோ ஒன்பது.

சூசை மாமா என்னிடம் வந்து, வென்றவர் முகமே இல்லாமல் சொன்னார்: “பிள்ளை, நாங்கள் ஏன் ஒரே துண்டாய்க் கொண்டுவாறனாங்கள் தெரியுமோ? உள்ளுக்கை ஆர் ஆருக்குப் போட்டதெண்டு தெரிஞ்சால் பிறகு ஒரே பஸ்ஸிலை போகேலாது.” என் ஆய்வில் அதற்கு ஓர் அத்தியாயம் இருக்கவில்லை.

அந்தக் கோடையில் மூவரும் ஹித்தவுக்குப் போனோம். அப்பா இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஏரியில் மீன் பிடிக்கப் போனார், அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. நான்காம் நாள் அம்மாவும் தூண்டில் கேட்டார். இரண்டு பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு மீனும் படாமல், பின்னேரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இப்போது நான் தனி வீட்டில் இருக்கிறேன். எங்கள் வீடு என்று நினைத்தால் பியோர்ண்டால் அல்ல, அந்தப் பாறைதான் முதலில் வருகிறது.

அடுத்த ஆண்டு பழைய முறைக்கே திரும்பினார்கள். இருபத்து மூன்றுக்குச் சைபர். அப்பா பிறகு ஒருபோதும் நிற்கவில்லை. ஆனால் அமெரிக்கத் தேர்தல் முடிந்த காலைகளில் என்னைக் கட்டாயம் வரச் சொல்லுவார். தொலைக்காட்சியில் வரைபடம் வந்ததும், முழுதாக ஒரே நிறம் பூசிய மாநிலம் ஒன்றைக் காட்டுவார்.

“பார் பிள்ளை, என்ன ஒற்றுமை! இதுக்குள்ளை உன்ரை அம்மா மாதிரி எத்தினை பேர் ஒளிச்சிருக்கினமோ?”

குசினியிலிருந்து அம்மாவின் பதில் வரும்: “வீட்டுக்கு ஒண்டு.”