எனக்குக் கத்தி தீட்டத் தெரியாது

வீட்டைப் பொறுத்தவரை எனக்குக் கத்தி தீட்டத் தெரியாது.

இந்த ஒரு பொய்யை நாலு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றி வருகிறேன். கல்யாணமான புதிதில் என் மனைவி சமையலறைக் கத்தியை நீட்டி, "ஏங்க, இதைக் கொஞ்சம் தீட்டித் தாங்களேன்" என்றாள். பைண்டிங் கடையில் நாள் முழுக்கக் கத்தியும் காகிதமுமாகக் கிடக்கிறவன் நான். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"எனக்குத் தெரியாதும்மா. கடையில அதுக்குன்னு தனி ஆள் இருக்கார்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வரும் சாணைக்காரரைப் பிடிக்க அவள் தெருவில் ஓடுவாள். நான் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பேன்.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் வந்தது வினை. ஒரு ஞாயிறு காலை, குழந்தை கைக்கு எட்டுவதையெல்லாம் ஒழிக்கிறேன் பேர்வழி என்று மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தாள். என் மடக்குக் கத்தி விழுந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வாங்கியது. மரப்பிடி என் உள்ளங்கைக்குத் தக்கபடி குழிந்துவிட்டது. தீட்டித் தீட்டி அலகு மீன் முள்ளாகிவிட்டது. திறந்தால் முனகும். மூடினால் பாதியில் நிற்கும்.

"இது எதுக்கு?"

"என் கத்திம்மா அது!"

"கத்தின்னா வெட்டணும்."

"வெட்டுமே!"

ஒரு தக்காளியை எடுத்து அழுத்தினாள். தக்காளி அறுபடவில்லை. அழுதது. என் பனியன் மேலேயே அழுதது.

"பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள இது ஒரு தக்காளியை ஒழுங்கா அறுத்தா மேல் அலமாரியில இருக்கட்டும். இல்லைன்னா குப்பை வண்டிக்குத்தான்."

தீட்டாவிட்டால் கத்தி போகும். தீட்டினால் பொய் போகும். பொய் போனால் என் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் போகும்.

குளியலறைக் கதவு சாத்தியதுதான் தாமதம், ஒரு பீங்கான் கோப்பையோடு கொல்லைப்புறம் ஓடினேன். கோப்பையின் அடியில் சொரசொரப்பாக ஒரு வட்டம் இருக்குமே, அதைவிட நல்ல சாணைக்கல் கிடையாது. அலகைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் ஓர் அரிசி நீளத்துக்குத் தூக்கி, இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு. அப்புறம் இடுப்பு பெல்ட்டில் நாலு தடவல். முன்கை முடியில் வைத்துப் பார்த்தேன். முடி பொலபொலவென்று உதிர்ந்தது. ஆசை விடவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். இன்னொரு தரமும்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, சாதுவாக வந்து நின்றேன். அவள் பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே தக்காளியை அறுத்தாள். காகிதம் மாதிரி விழுந்தது.

"அட! யார் தீட்டினது?"

"சாணைக்காரர். இப்பதான் தெருவுல போனார்."

"மணிச் சத்தமே கேக்கலையே?"

"மணி உடைஞ்சிருச்சாம்."

"பாவம்." என் கையைப் பார்த்தாள். "உங்க கையையும் அவரேதான் சிரைச்சு விட்டாரா?"

"அது... கூர் பாத்தார்."

"உங்க கையிலயா?"

"அவர் கையில முடி இல்லைம்மா!"

நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வழக்கமா வர்றவர் கத்தியைக் கெடுத்துல்ல வைப்பார்! இவர் கைராசிக்காரர். விட்டுடாதீங்க, ஓடுங்க!"

இரண்டு சமையலறைக் கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பைக்குள் போயின. கடைசியாக அந்தப் பீங்கான் கோப்பையும் போனது.

"கோப்பை எதுக்கு?"

"மனுஷனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. பூட்டிக் கிடக்குதே தையல் கடை, அந்தப் படியில உக்காரச் சொல்லுங்க. நிழலா இருக்கும்."

நம் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! எதில் தீட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்தவனுக்குச் சாணைக்கல்லை அவளே கட்டிக் கொடுத்துவிட்டாள். கேட்டால் டீக்காம். கள்ளமில்லாத மனசு! தையல் கடைப் படியில் உட்கார்ந்து கோப்பையைக் கவிழ்த்தேன். அரை மணி நேரம் போனால் போகட்டும், மற்ற ஞாயிறெல்லாம் நம்முடையது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே தீட்டினேன்.

இரண்டாவது கத்தி முடியும்போது மேலே நிழல் விழுந்தது. மாடி வீட்டு அக்கா. கையில் ஒரு வெட்டுக்கத்தி.

"அக்கா, சாணைக்காரர் டீ குடிக்கப் போயிருக்கார். நான் சும்மா..."

"தெரியும் தம்பி. 'அப்படித்தான் சொல்வார், நீங்க பாட்டுக்கு வரிசையில நில்லுங்க'ன்னு உங்க வீட்டுல சொல்லித்தான் அனுப்பினாங்க."

எட்டிப் பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் தெருவே நின்றது. ஆளுக்கொரு கத்தி.

"அப்புறம் தம்பி, ஞாயித்துக்கிழமைதோறும் காலையில ஒன்பது மணிக்குத்தானே கடை திறப்பீங்க?"