நவநீதகிருஷ்ணனின் காது

புதுப் பெட்டியை வீட்டைவிட்டுப் போகவிடுவதில்லை என்று நவநீதகிருஷ்ணன் பல் துலக்கும்போதே சபதம் எடுத்துவிட்டான். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பி அனுப்பலாம் என்று ஆன்லைனில் போட்டிருந்தார்கள். இன்று ஏழாம் நாள்.

மல்லசமுத்திரம் வட்டாரத்தில் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஓட்டும் விளம்பரங்களில் பாதி அவன் வீட்டு உள்ளறையில்தான் பதிவாகும். கோழித் தீவனமோ, ஜவுளித் தள்ளுபடியோ, எதுவானாலும் பேசுவது மனைவி வசந்தாமணி. பதிவு செய்வது இவன். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். மைக்கில் பேசுவதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. பழைய பெட்டி நாலு வருஷமாக மறுபேச்சில்லாமல் உழைக்கிறது. இவனோ நாலு மாதமாக வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டில் சொல்லாமல் புதுசை வரவழைத்துவிட்டான். அவ்வளவு ஆசை.

நேற்றுதான் பஞ்சாயத்து.

"ஏனுங்க, ரெண்டுக்கும் என்னதானுங்க வித்தியாசம்?"

"பழசுல சத்தத்துக்கு அடியில ஒரு இரைச்சல் ஓடும் புள்ள. புதுசு கெணத்துத் தண்ணியாட்டம் தெளிவா இருக்கும்."

"எத்தன தெளிவா உள்ள போனாலும், கடைசில ஆட்டோ மேல இருக்கற தகரக் கொழாயிலதான வெளிய வரோணும்?"

நாலு மாதம் பார்த்த வீடியோக்களில் ஒருத்தரும் தகரக் குழாயைப் பற்றிப் பேசியிருக்கவில்லை.

"உனக்கு அது புரியாது. எனக்குக் காது இருக்குது."

"அப்பச் செரி. நாளைக்கு நான் ரெண்டு தடவ பேசிப் பதிவு பண்றேன். நீங்க பாக்காமக் கேட்டு, எது புதுசுன்னு சொல்லிப்போடுங்க. சொல்லிட்டா பொட்டி நம்மூட்லயே இருக்கட்டும். தப்பாப் போச்சுன்னா திருப்பி அனுப்போணும்."

நவநீதகிருஷ்ணன் உடனே ஒத்துக்கொண்டான். எந்த ஒயரை எங்கே மாட்டுவது, கம்ப்யூட்டரில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தான். பாரபட்சம் கூடாதாம், ஹெட்போனை நேராகக் கம்ப்யூட்டரிலேயே மாட்டச் சொன்னான். பேச்சோடு பேச்சாகப் புதுப் பெட்டியின் வால்யூம் திருகை மட்டும் இரண்டு கோடு ஏற்றி வைத்தான். சத்தம் கொஞ்சம் கூடினால் எந்தக் காதுக்கும் அது உசத்தியாகத்தான் படும். வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்று குளித்துவிட்டு வந்தபோது மேஜை தயாராக இருந்தது. பெட்டிகள் கண்ணில் படாதபடி இரண்டு துண்டுகள் போர்த்தியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஒயர் போனது. ஏற்பாடு அவனுக்கே பிடித்துப்போனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதல் பதிவு ஓடியது. "அன்பான பொதுமக்களே! ஆடித் தள்ளுபடி!"

"இது பழசு," என்றான். "கொரல் சேத்துல மாட்டுன வண்டியாட்டம் இழுக்குது."

இரண்டாவது ஓடியது. சத்தம் சரியாக இரண்டு கோடு கூடியிருந்தது. அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடடா! இதுதான் புதுசு! நீ மூச்சு விடறதுகூடக் கேக்குது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்குது பாரு!"

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"ரோசன என்ன ரோசன? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்பத் திரும்பிப் பாருங்க."

முதல் துண்டை எடுத்தாள். பழைய பெட்டி. இரண்டாவது துண்டை எடுத்தாள். சமையலறை அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் ஒயரின் முனை சொருகியிருந்தது.

"ரெண்டு தடவையும் பழசுலதானுங்க பேசினேன். ரெண்டாவது தடவைக்குத் திருகை மட்டும் ஏத்திட்டேன். நேத்து நீங்க புதுசுல ஏத்துனீங்கல்லோ, அதே ரெண்டு கோடு."

நவநீதகிருஷ்ணனுக்கு முகம் செத்துப்போனது. கள்ளத்தனம் பிடிபட்டதைவிட, காது மானம் போனதுதான் வலித்தது. ஆனாலும் விடவில்லை.

"இந்தப் போட்டி செல்லாது புள்ள. புதுசே இல்லாம நான் எப்புடிக் கண்டுபுடிக்கறது? அதை எடுத்துட்டு வா. நாயமா இன்னொருக்கா வெப்போம்."

வசந்தாமணி அஞ்சறைப் பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க குளிக்கப் போனப்பவே கொரியர்காரரு வந்து அதை வாங்கிட்டுப் போயிட்டாருங்க."