கோப்பை வாங்கிய துண்டு

கபடியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்பது ரூல் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் விழுப்புரத்தில் அது செல்லாது. களத்தில் ஏழு பேர் சும்மா ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். ஜெயிக்க வைப்பதும் தோற்க வைப்பதும் வெளியே உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், யார் நடுவில் டீ குடிக்கப் போனார், யார் "இன்னைக்கு நம்மளுதுதான்" என்று வாய் வைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரிக்கெட்டும் அப்படித்தான். டிவியில் ஒரு பைனல் ஓடும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன், விக்கெட் போய்விட்டது. பவுலர் பேரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி என் பேரை மறக்கவில்லை.

என் பேர் கிருஷ்ணசாமி. வட்டாரச் சடுகுடு மேம்பாடு மற்றும் இதர அலுவல்கள் அலுவலகத்தில் உதவியாளர். சடுகுடு கொஞ்சம்தான், இதர அலுவல்கள்தான் மூச்சு முட்டும்.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் அணி போன இடமெல்லாம் தோற்றது. அலுவலகத் தலைவர் துரைக்கண்ணு சார் தோல்வி ஆய்வுக் கூட்டம் கூட்டினார். சமோசா வந்தது. பயிற்சியாளர் சித்ரா மேடம் எழுந்து நின்றார்.

"ஆடுற மேட்டு, அந்த ரப்பர் விரிப்பு, கிழிஞ்சிருக்கு சார். பொண்ணுங்க கால் தடுக்கி வுழுதுங்க. சாப்பாடும் பத்தல. பன்னும் டீயும் குடுத்து இட்டுக்கினு போறோம்."

சார் பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் போன வருஷமும் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"போன வருஷம் ரெண்டு மேட்ச் ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம் சார்."

"அப்ப எப்பவும் இருக்கிறது எப்டி காரணமாவும்? இந்த வருஷம் புதுசா இன்னா வந்துச்சு, அத சொல்லுங்க."

அறையே யோசித்தது. அலுவலகத்துக்குப் புதிதாக எதுவும் வந்து பல காலம் ஆகிறது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு ஆள்தான் புதிது. வேன் டிரைவர் சவுரிராயன்.

சவுரிராயன் திருவாமாத்தூர்க்காரர். வடநாட்டு லாரி ஓட்டியவர். அவர் மகள் சங்கவி பள்ளிக்கூட நாளிலிருந்தே கபடி ஆடுகிறாள், எதிர்க்களத்துக்குப் பாடிப் போகும் எங்கள் அணியின் முக்கியமான ரெய்டர் அவள்தான். மகள் கப்பு வாங்கும்போதெல்லாம் அப்பா நாக்பூரிலோ வேறெங்கோ டயர் மாட்டிக்கொண்டிருப்பார். ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அந்த வருஷம் முடிந்ததும் அவள் சென்னை ஹாஸ்டலுக்குப் போக இருந்தாள். போவதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் லாரியை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு எங்கள் வேனுக்கு வந்தார். பச்சைக்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தோரம் நிற்பார். அவள் ரெய்டு போனால் இவருக்கு மூச்சு முட்டும். ஆனால் வந்த நாளிலிருந்து அணி தோற்றுக்கொண்டிருந்தது. அவர் வருவதற்கு முந்தின மாதமும் தோற்றதே என்று சித்ரா மேடம் சொன்னார். "அப்பவே அப்ளிகேஷன் குடுத்துட்டாரு இல்ல" என்றார் சார்.

ஆணை தயாரானது. டைப் அடித்தது நான்தான். "மேற்படி ஓட்டுநர், ஆட்டம் நடைபெறும் வேளையில், பொதுநலன் கருதி, ஆடுகளத்துக்கு எதிர்த்திசையை நோக்கி நிற்குமாறு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது."

"என் பொண்ணு சார் அது," என்றார் சவுரிராயன்.

"அதுக்கோசரம்தான்யா சொல்றேன். உன் பொண்ணு ஜெயிக்க வேணாமா?"

சவுரிராயன் ஆணையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆட்டம் பொம்மையார்பாளையத்தில். மைதானத்துக்கு எதிர்த்திசை கடல். சவுரிராயன் கடலைப் பார்த்து நின்றார். அணி தோற்றது. வேன் பக்கத்திலேயே சார் விசாரணை நடத்தினார்.

"கடலத்தானே பாத்தே?"

"ஆமா சார்."

"வேற எதையும் பாக்கல?"

அவருக்குப் பொய் வராது. "வண்டி சைடு மிரர்ல அவ ஜடை மட்டும் தெரிஞ்சுது சார்."

தோல்விக்கான காரணம் 'மறைமுகப் பார்வை' என்று கோப்பில் ஏறியது. கண்ணாடிக்கு உறை தைக்க டெண்டர் விட்டோம்.

அதற்கடுத்தது முண்டியம்பாக்கத்தில், மாவட்டக் கோப்பைக்கு, நாலே அணி என்பதால் முதல் ஆட்டமே அரையிறுதி. அன்று சவுரிராயனுக்குக் கட்டாய விடுப்பு. பஸ் ரிப்பேராகி எதிரணி வந்து சேரவில்லை, எங்கள் அணி வென்றதாக அறிவித்தார்கள். பஸ் ரிப்பேரானதற்கும் இவர் வராததே காரணம் என்று சார் எல்லோருக்கும் விளக்கினார். இனி சந்தேகத்துக்கு இடமில்லை. சவுரிராயன் ராசியில்லாதவர் என்பது அரசு முறைப்படி நிரூபணமாகிவிட்டது.

எங்கள் சார் லேசுப்பட்டவர் இல்லை. குப்பையிலிருந்தே கரண்ட் எடுக்கும் காலத்தில், இவ்வளவு சக்தியுள்ள ஒரு ஆளை வீட்டில் சும்மா உட்கார வைக்கலாமா? பைனல் திண்டிவனத்தில், திண்டிவனம் அணியோடுதான்.

"யோவ் சவுரி, நீ எந்தப் பக்கம் நிக்கிறியோ அந்தப் பக்கம் தோக்குது. அதனால நீ திண்டிவனத்துக்கு மாற்றுப்பணில போ. அவுங்க பக்கம் உக்காந்து அவுங்களுக்குக் கை தட்டு."

"பொண்ணு நம்ம டீம்ல ஆடுது. நான் எப்டி சார் அவுங்களுக்குக் கை தட்டுறது?"

"கை மட்டும் தட்டினா பத்தாதுய்யா. மனசார தட்டணும். இல்லன்னா வேலைக்கு ஆவாது."

சவுரிராயன் தலையைக் குனிந்துகொண்டார். "தட்டுறேன் சார். எந்தப் பக்கம்னாலும் அவளப் பாத்துக்கினு இருக்கலாம் இல்ல?"

எனக்கே இது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஆணையை டைப் அடித்துவிட்டேன். "திண்டிவனம் அணியை மனப்பூர்வமாக ஆதரித்து, அதன்மூலம் அவ்வணியின் தோல்வியை உறுதி செய்யும் பொருட்டு" என்று தெளிவாகவே அடித்தேன். மாற்றுப்பணி ஆணை என்றால், அது எந்த அலுவலகத்துக்கோ அங்கே ஒரு நகல் போக வேண்டும். அது நடைமுறை. திண்டிவனத்துக்கு ஒரு நகல் அனுப்பினோம்.

நகல் கிடைத்த அன்றே, பைனலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, திண்டிவனம் அலுவலகத்தின் செயலாளர் சீனுவாசன் மைதான வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சவுரிராயன் போய் இறங்கியதும் எழுந்து கும்பிட்டார்.

"அண்ணே, நீங்க தங்கமான மனுஷன். ஆனா உங்க ஆதரவு எங்களுக்கு வேணாம்ணே. டீ சாப்டுட்டு ஊருக்குப் போயிடுங்க."

சவுரிராயன் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். விழுப்புரத்தில் சார் அவரை உள்ளே விடவில்லை, மாற்றுப்பணி இன்னும் முடியவில்லை. எந்த ஊரிலும் அவர் இருக்க முடியாமல் போனது. தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய ஆளாக இருந்ததே இல்லை என்று என்னிடம் சொன்னார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேசாமல் வீட்டிலேயே இருக்கட்டுமே என்றால் அதுவும் முடியாது. அவர் வராவிட்டால் விழுப்புரம் ஜெயிக்கும், அதற்குத்தான் முண்டியம்பாக்கத்தில் சாட்சி இருக்கிறதே என்று சீனுவாசன் ஆட்சேபணை எழுப்பினார். கடைசியில் ரெண்டு ஊருக்கும் நடுவில், விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டலில் சமாதானப் பேச்சு நடந்தது. பரோட்டா ஆறிப்போகும் வரை பேசி முடிவெடுத்தார்கள். சவுரிராயன் பைனலுக்கு வர வேண்டும். களத்தின் நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் ராசி ரெண்டு பக்கமும் சரிபாதியாகப் போகும். அப்படியும் கண் ஒரு பக்கமாகச் சாயலாம் என்பதால், கண்ணைக் கட்டிவிட வேண்டும்.

பைனல் அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. சவுரிராயனின் பச்சைக்கரைத் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினார்கள். முடிச்சை எங்கள் சார் இழுத்துப் பார்த்தார். சீனுவாசனும் இழுத்துப் பார்த்தார். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இதை எல்லாம் களத்தில் நின்று சங்கவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சவுரிராயன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கண் கட்டிக்கொண்டும் அவருக்கு எல்லாம் தெரிந்தது. பத்துப் பெண்கள் பாடிப் போனாலும், "இது அவ மூச்சு சார்" என்று சரியாகச் சொன்னார். அவள் கீழே விழுந்த சத்தத்துக்கு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். "அடி பட்டுச்சா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பட்டிருந்தது.

கடைசி ரெய்டு. ரெண்டு அணியும் சமம். சங்கவி போக வேண்டும். அவள் நேராக நடுக்கோட்டைப் பிடித்து நடந்து வெளியே வந்தாள், அப்பாவுக்கு முன்னால் நின்றாள், துண்டை இழுத்துக் கழுத்தில் தள்ளினாள்.

"பாருப்பா," என்றாள்.

துரைக்கண்ணு சார் ஒரு பக்கமிருந்தும் சீனுவாசன் இன்னொரு பக்கமிருந்தும் ஒப்பந்தத்தை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள். நடுவர் புத்தகத்தைப் புரட்டினார், அப்பனைப் பார்க்க வைத்ததற்கு ஃபவுல் எதுவும் அதில் இல்லை. விசில் ஊதினார்.

சங்கவி போனாள். ஓரத்தில் ஒருத்தியைத் தொட்டாள். திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள், மேலே நாலு பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு நீண்டு வந்து கோட்டைத் தொட்டது. மூச்சு விடவில்லை. ஜெயித்துவிட்டோம். சவுரிராயன் எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தார், கண்ணில் நின்ற தண்ணீரில் எவ்வளவு பார்த்தாரோ தெரியாது.

அத்தோடு புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள். மறுநாள் வெற்றி ஆய்வுக் கூட்டம். சமோசா வந்தது. "அவரு பாத்தாரு, ஜெயிச்சோம். அப்ப அவரு ராசியில்லாதவரு இல்ல சார்" என்றார் சித்ரா மேடம்.

"அவசரப்படாதீங்க மேடம். அவரு முன்னாடியும் பாத்தாரு, தோத்தோம். இந்தத் தடவ புதுசா இன்னா? துண்டு. கண்ணுல இருந்து கழுத்துக்கு வந்துச்சு, கப்பு வந்துச்சு."

துண்டு பொதுநலன் கருதி அலுவலக வசம் எடுக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டி செய்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தோம். பாராட்டு விழாவில் சங்கவிக்கு ஒரு சால்வை, துண்டுக்கு ஆளுயர மாலை. புது மேட்டு கேட்டு எழுதிய சித்ரா மேடத்துக்கு, "துண்டு இருப்பில் உள்ளதால் தேவை எழவில்லை" என்று பதில் போனது. மேட்டுக்கு வந்த பணத்தில்தான் பெட்டியே செய்தோம். ஒப்பந்தம் பொது என்பதால் துண்டில் பாதி தங்களுக்கு உரியது என்று திண்டிவனத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது.

பெட்டியைத் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒருநாள் திறந்து துடைக்கும்போது துண்டிலிருந்து டீசல் வாசனை வந்தது. பைனல் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்த வாசனை இல்லை. நான் நேராகத் திருவாமாத்தூருக்கு வண்டியை விட்டேன்.

சவுரிராயன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "ஆபீஸ்ல இருக்கிறது வண்டி தொடைக்கிற துண்டு சார், அதே பச்சைக்கரை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சங்கவிக்கு அடுத்து சென்னைல மேட்ச் இருக்கு. அசல் துண்ட எப்டி சார் குடுக்க முடியும்? பீரோவுல மாதா படத்துக்குக் கீழ வெச்சிருக்கேன். தண்ணிலகூட நனைக்கல."

இந்த மனுஷனைத்தான் ராசியில்லாதவன் என்று ஊர் ஊராக விரட்டினார்கள். இவரே இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் வந்த காரியம் வேறு.

"அத ஒருநாளைக்குக் குடுங்க. எம் பையனுக்கு ஞாயித்துக்கிழமை வேலைக்குப் பரீட்சை. தோள்ல போட்டுக்கினு போய் எழுதிட்டு வந்துடுவான்."

அவர் சாவியைத் தேடி எடுத்தார். ஒருநாள்தானே என்று பீரோவைத் திறந்தார். மாதா படம் இருந்தது. துண்டு இல்லை. புடவைகளையெல்லாம் வாரிக் கீழே போட்டார், நானும் ஒரு பக்கம் வாரிப் போட்டேன்.

அப்போது சங்கவி உள்ளே வந்தாள். கிழிந்த மேட்டில் பிராக்டிஸ் முடித்து வருகிறாள், நொண்டிக்கொண்டே வந்தாள். முட்டியைச் சுற்றிப் பச்சைக்கரைத் துண்டு, பாதியாகக் கிழித்துக் கட்டியிருந்தது. கரையின் பச்சையே தெரியாத அளவுக்கு ரத்தம்.

"துண்ட கிழிச்சிட்டியா?" என்றார் சவுரிராயன்.

"வேர்வை தொடைக்க எடுத்துக்கினு போனேன்பா. மேட்டு தடுக்கி வுழுந்துட்டேன். கட்டறதுக்கு வேற எதுவும் கெடைக்கல." சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாருப்பா," என்றாள்.

அவர் பார்த்தார். துண்டைத்தான் பார்த்தார்.

"மீதிப் பாதி எங்கம்மா?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.