அரை பிளேன்டீ பாஸ்வர்ட்

ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் யாருடைய பாஸ்வர்டையும் சொல்லிவிடக்கூடிய மனிதர் கண்டியில் ஒருவர்தான். எங்கள் அலுவலகத்து பிளேன்டீ சார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். யாழ்ப்பாணத்துக்காரர். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று புது பாஸ்வர்ட் ஒன்றை அடித்துவிட்டு நிமிர்ந்தால், கையில் பால் சேர்க்காத பிளேன்டீயோடு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கணினிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயர் பொறித்த என் சாவிக்கொத்தைத்தான் பார்த்தார்.

"கவிநிலா எண்டது மகளோ?"

"ஆமா சார்."

"பள்ளிக்கூடம் போறாவோ?"

"இந்த வருஷந்தான் ஒண்ணாம் ஆண்டுல சேத்தோம்."

இரண்டு மிடறு குடித்தார். மகளின் பெயர், பிறந்த வருடம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி என்று அப்படியே ஒப்பித்தார். நான் சாவிக்கொத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

"அரை பிளேன்டீ," என்று தீர்ப்புச் சொன்னார். "ஆச்சரியக்குறியைக் கண்டு கள்ளன் பயந்து ஓடிடுவான் எண்டு நினைச்சீங்களோ பிள்ளை?"

பாஸ்வர்டின் பலத்துக்கு அவர் வைத்திருந்த அளவு அதுதான். அக்குறணையிலிருந்து வரும் ரிஸ்வானாவுடையது முக்கால் பிளேன்டீ. கணவரின் மோட்டார் சைக்கிள் இலக்கம். "யா அல்லா, என்ட மாப்புள்ளைக்கே தெரியாதே சேர்," என்று அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மேலாளருடையதற்கு அவர் பிளேன்டீ ஊற்றவே இல்லை. அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். அது வாசல் பெயர்ப்பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

"ஒண்டுக்கொண்டு சொந்தமில்லாத நாலு சொல்லைச் சேருங்கோ. உங்களுக்கும் சொந்தமிருக்கக் கூடாது," என்பது அவர் வைத்தியம். நானும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேயிலை, மழை, லயம், முருகன் என்று எழுதிக் காட்டினேன். நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் பிறந்தவள்.

"இது பாஸ்வர்ட் இல்லை பிள்ளை, உங்கட விலாசம்."

கடைசியில் ஒட்டகத்தோடு ஏதேதோ சேர்த்து ஒன்றை உருவாக்கினேன். நாலு பிளேன்டீ குடித்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று எல்லோருக்கும் அவரே வடை வாங்கிக் கொடுத்தார்.

போன மாசி மாதம், கதிரையிலிருந்து எழுந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "என்ன மருந்து குடிக்கிறாரு? எந்த மருந்து ஒத்துக்காது? வீட்டாளுங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். நானும் ரிஸ்வானாவும் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தோம். எல்லாம் அவருடைய போனுக்குள் இருந்தது. போன் பூட்டியிருந்தது. விரலை வைத்துத் திறக்கும் வசதியை அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. தூங்கும்போது கள்ளன் விரலைப் பிடித்து வைத்துவிடுவானாம்.

"அவர் செஞ்ச மாதிரியே யோசிச்சுப் பாப்போமே," என்றாள் ரிஸ்வானா.

யோசித்தோம். மனைவி பெயர்? மனைவி உண்டா? பிள்ளைகள்? எந்த ஊர், எந்தக் கோயில்? எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் முதல் மோட்டார் சைக்கிள் இலக்கம் வரை மனப்பாடமாக வைத்திருந்த மனிதரைப் பற்றி, பிளேன்டீக்கு இரண்டு கரண்டி சீனி என்பதைத் தவிர எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. அவர் விழுந்ததைவிட அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. வரும் அழைப்பை எடுக்க பாஸ்வர்ட் தேவையில்லையே. மறுமுனையில் இருந்த அக்கா, தம்பி குடிக்கும் மாத்திரைகளையும், ஒரு ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அழுதுகொண்டே சொன்னார். டாக்டர் அந்த ஊசியைத்தான் கையில் எடுத்திருந்தார்.

சார் பிழைத்துக்கொண்டார். வேலைக்கும் திரும்பிவிட்டார். நாங்கள் இப்போது அவரை விடுவதில்லை. எந்தக் கறி பிடிக்கும், என்ன நட்சத்திரம், அக்கா எப்போது வருவார் என்று தினமும் துளைக்கிறோம்.

நேற்று கண்ணாடிக்கு மேலால் என்னை முறைத்தார். "என்ன பிள்ளை, என்ட பாஸ்வர்டை உடைக்கப் பாக்கிறியளோ?"

"ஆமா சார்," என்றேன்.

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். இனி ஒரு டாக்டர் "வீட்டாளுங்க யாரு?" என்று கேட்டால், நாங்கள்தான் என்று சொல்லுமளவுக்காவது அவரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.