பிஸ்டலுக்கு எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை எனக்கு ரெண்டே வேலை. காலைல பிஸ்டல் கிளப் டீமுக்காகப் போட்டியில சுடணும். வர்ற வழியில கருவேப்பிலை வாங்கணும்.

கருவேப்பிலையை ஒழுங்கா வாங்கிட்டேன்.

"உனக்கெதுக்குடா துப்பாக்கி?"ன்னு ஊர்ல கேக்காத ஆளே இல்ல. மெல்பன்ல இது ஒரு விளையாட்டுங்க. லைசென்ஸ், லாக்கர், போலீஸ் செக் எல்லாம் உண்டு. காகித இலக்கைத் தவிர நான் எதையும் சுட்டதில்ல. பல நாள் அதையும் சுட்டதில்ல.

எங்க டீம் கேப்டன் தயாளன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, உம்மட தோட்டாவை நீரே நிரப்பிப் பழகும்"னு ஒரு நாள் சொன்னார். சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புதுசா வெடிமருந்தும் குண்டும் வெச்சு அழுத்துற வேலை. அழுத்தும்போது கூடு அச்சுல சிக்காம இருக்க ஒரு ஸ்ப்ரே அடிச்சு, கடைசில நல்லா துடைச்சிடணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொயிண்ட் குக்ல இருக்கிற எங்க வீட்டு கராஜ்ல உக்காந்தா, ஸ்ப்ரே காலி!

பாத்ரூம்ல தேங்காய் எண்ணெய் இருந்துச்சு. இங்க குளிர்காலமான ஜூன் மாசத்துல கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்தது. சுடுதண்ணியில வெச்சு உருக்கி, ஒவ்வொரு கூட்டுக்கும் தடவினேன். அடடா, என்ன வழவழப்பு! ஆராய்ச்சி பண்ணித் தயாரிக்கிறானாம் ஸ்ப்ரே. நமக்குத் தெரியாத எண்ணெயா?

கடைசி தோட்டா முடியவும், "என்னங்க, தோசை ஆறுது!"ன்னு மீனா கூப்பிடவும் சரியா இருந்தது. தோசைக்குப் போனவன் துடைக்க மறந்துட்டேன்.

காலைல பெட்டியைத் திறந்தா தோட்டா மேல எல்லாம் வெள்ளையா ஒரு படலம். பனி படிஞ்சிருக்குன்னு நினைச்சேன். மூடின பெட்டிக்குள்ள பனி எப்படி வரும்னு கேக்குற அளவுக்கு மூளை இன்னும் எழுந்திரிக்கல.

ஜெயிச்சா மாநிலப் போட்டிக்குப் போகலாம். முதல் சுத்து நல்லாவே போச்சு. ரெண்டாவது சுத்துல பிஸ்டல் அரைத்தூக்கத்துல வேலை பாக்குற மாதிரி நகர்ந்தது. மூணாவதுல அடியோட நின்னுடுச்சு.

கையைத் தூக்கினேன். சுடுற இடத்தைப் பாத்துக்கிற ரேஞ்ச் ஆபிசர் கிளென் வந்து திறந்து பாத்தார். உள்ளே கன்னங்கரேல்னு ஒரு பசை!

"ஜீஸ்! எந்தக் கம்பெனி தோட்டாய்யா இது?"

"என் கையால நிரப்பினது"ன்னேன். அதுல ஒரு பெருமை வேற.

அவ்வளவுதான், இடைவேளையில என் பிஸ்டலைச் சுத்தி ஒரு மாநாடே கூடிடுச்சு.

"மருந்து கம்மியா போட்டிருக்கான். ஒழுங்கா எரியல, அதான் கரி"ன்னார் கிளென்.

"இல்ல இல்ல, குண்டு மேல பூசுற மெழுகு உருகியிருக்கு"ன்னார் கிளப் மெம்பர் பிரையன். எதுக்கும் மெழுகுதான் காரணம்னு சொல்றவர் அவர்.

தயாளன் அண்ணை விரல்ல தொட்டுப் பாத்தார். "கரி இப்பிடி ஒட்டாது. இது களி மாதிரியெல்லோ கிடக்கு?"

அப்பத்தான் எனக்குத் தேங்காய் எண்ணெய் ஞாபகம் வந்துச்சு. இருந்தாலும், "ஆமாண்ணே, மருந்தோட பிராண்டை மாத்திப் பாக்கணும்"னு நானும் தீவிரமா தலையாட்டினேன்.

தற்காலிகமா துடைச்சுட்டு மறுபடி சுட ஆரம்பிச்சேன். பிஸ்டல் நல்லா சூடாச்சு. வாசனை கிளம்பிச்சு. சாதாரண வாசனையா அது? கடாய்ல நேந்திரங்காய் சிப்ஸ் பொரியுற வாசனை!

"யாராவது இங்க சமைக்கிறீங்களா?"ன்னு கிளென் ஸ்பீக்கர்லயே கேட்டுட்டார்.

எதிர் டீம் லிண்டா மூச்சை இழுத்துவிட்டு, "எதுவா இருந்தாலும் அருமையா இருக்கு"ன்னாங்க.

தயாளன் அண்ணை மெதுவா என் பக்கம் திரும்பினார். பதினாலு வயசு மகன் சட்டைல சிகரெட் வாசனை புடிச்ச அப்பா மாதிரி ஒரு பார்வை.

"தம்பி, உண்மையைச் சொல்லும். என்ன எண்ணெய் போட்டனீர்?"

"...தேங்காய் எண்ணெய்ண்ணே."

"தலைக்கு வைக்கிறதோ?"

"ஆமாண்ணே."

"ஐயோ கடவுளே! துவக்குக்கு எண்ணெய் தேய்ச்சு முழுக வாத்திருக்கிறான்!"

அதை அவரே கிளென்கிட்ட இங்கிலீஷ்ல விளக்கினார். கிளென் சிரிச்ச சிரிப்புல ஒரு நாற்காலியைத் தேடி உக்கார வேண்டியதாப் போச்சு. சிரிச்சு முடிச்சதும் முகம் மாறிடுச்சு. "மிச்சத்துல ஒண்ணைக்கூடச் சுடாதே. எண்ணெய் ஊறின தோட்டாவோட குண்டு குழலுக்குள்ள பாதில நின்னா, அடுத்ததைச் சுடும்போது உன் கை போயிடும்"னு மொத்தப் பெட்டியையும் வாங்கி வெச்சுக்கிட்டார். நான் கையை விரிச்சு, ஒருதடவை விரலை எண்ணிப் பாத்துக்கிட்டேன்.

தோத்துட்டோம். மாநிலப் போட்டி போச்சு. சாப்பாட்டை முடிச்சுட்டுக் கிளம்பும்போது அண்ணை, "அடுத்த கிழமை ஸ்ப்ரே நான் கொண்டு வாறன். நீர் ஒண்டும் கொண்டு வராதையும்"னார்.

இதுக்குள்ள பிஸ்டல் ஆறிடுச்சு. கழுவுறதுக்காகத் திறந்தா, உருகின எண்ணெயெல்லாம் திரும்ப உறைஞ்சு, கரிப் பசை மேல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. கிளென் எட்டிப் பாத்துட்டு, "லாமிங்டன்!"னு கத்தினார். சாக்லேட்ல முக்கி, தேங்காய்ப் பூவுல புரட்டி, லாமிங்டன்னு ஒரு கேக் இந்த ஊர் பேக்கரியில எல்லாம் விக்கும். அச்சு அசல் அதேதான்!

என் பேரு சிவசுப்ரமணியன். சேந்த நாள்லேர்ந்து அந்த கிளப்ல ஒருத்தருக்கும் அது வாயில நுழைஞ்சதில்ல.

இப்ப அந்தக் கஷ்டமே இல்ல. எல்லாரும் சுலபமா 'லாமிங்டன்'னு கூப்பிடுறாங்க.